லாக்கருக்குள் இருந்த போன்

நம் பணியாளர் மன்ற மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். ஆண்டு விருந்தில் மேடையேறிப் பேசச் சொல்லாமல், எழுதச் சொன்னதற்கு முதலில் நன்றி. மைக்கைக் கையில் கொடுத்திருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பேன். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு பல்கலைக்கழகக் கணினி மையத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

உதவி மேசையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவரை அண்மையில் பாயான் பாரு மார்க்கெட்டில் பார்த்தேன். "அக்கா, ஒண்ணு கேக்கணும் லா. பதிவு பண்ண வர்ற பிள்ளைங்ககிட்ட, 'இந்த போன் எப்பவும் உங்ககிட்டயேதான் இருக்குமா'ன்னு கேக்கச் சொல்றாங்க. போன் வேற யார்கிட்ட இருக்கும்? கேட்டா சிரிக்கிறாங்க," என்றார். மீன்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டிருந்தார். மீன் கடையில் நின்று சொல்லி முடிக்கும் பதில் இல்லை அது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சேர்ந்தபோது கணினி மையம் என்றால் அறை நிறையக் கணினிகள். மாணவருக்கு வேண்டியது ஒரு நாற்காலியும் ஒரு கணினியும்தான். அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு எண் போட்ட வில்லையைக் கொடுப்பது என் வேலை. பிறகு ஆளுக்கொரு மடிக்கணினி வந்தது. கணினி வேண்டாம், வைஃபை எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். அறை மெல்லக் காலியானது. கடைசிக் காலத்தில் ஏர்கோன் குளிருக்காக வந்து தூங்கியவர்களே அதிகம். அவர்களை எழுப்ப எனக்கு மனம் வந்ததில்லை. பிறகு பாடம், தேர்வு, கட்டணம், விடுதி எல்லாமே இணையத்துக்குள் போயின. அந்த அறையை மூடினார்கள். என்னை உதவி மேசையில் தொலைபேசிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள்.

முகம் பார்க்காமல் பேசுவது கூச்சக்காரிக்கு வசதி என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு அது நேர்மாறாக இருந்தது. எதிரில் ஆள் இருந்தால் தலையாட்டலாம், சிரிக்கலாம், விரலால் காட்டலாம். போனில் பேசித்தான் ஆகவேண்டும். மணி அடிக்கும்போதெல்லாம் சொல்லப்போவதை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். உங்களில் யாருக்காவது அப்படி இருந்தால் வெட்கப்படாதீர்கள். அது கடைசிவரை எனக்குப் போகவில்லை, வேலையும் நின்றுவிடவில்லை.

கடவுச்சொல் திருட்டு பெருகியபோது இரட்டை உறுதி வந்தது. மாணவர் கணினியில் கடவுச்சொல்லைப் போட்டதும் அவர் பதிவு செய்த போனுக்கு ஒரு கேள்வி போகும்: உள்ளே நுழைவது நீங்கள்தானா? ஆம் என்று தொட்டால் வாசல் திறக்கும். இல்லை என்று தொட்டால் திறக்காது. தொடர்ந்து இல்லை என்று பதில் வந்தால், யாரோ திருடப் பார்க்கிறார்கள் என்று கணக்கே பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டிய கணக்கை போனில் கேட்டால் திறந்துவிடக் கூடாது. மாணவர் ஐசியோடு, அதாவது அடையாள அட்டையோடு, நேரில் கவுண்டருக்கு வரவேண்டும்.

விதி கடுமையாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், விரிவுரையாளர் என்று சொல்லி ஒருவன் கூப்பிட்டிருந்தான். விமான நிலையத்தில் நிற்பதாகவும், போன் தொலைந்துவிட்டதாகவும், இன்னும் சிறிது நேரத்தில் கட்டுரை அனுப்பவேண்டும் என்றும் அடுக்கினான். எங்களில் ஒருவர் இரக்கப்பட்டுத் திறந்துவிட்டார். அந்த விரிவுரையாளர் பெயரில் மாணவர்களுக்கெல்லாம் மோசடிக் கடிதங்கள் போயின. இரக்கப்பட்டவருக்குக் கிடைத்த ஏச்சு எங்கள் எல்லார் காதிலும் ஒலித்துக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்ட நேரத்தில், விடுமுறைக் கால மறுதேர்வுகள் நடந்துகொண்டிருந்த ஒரு நாள், மதியத்துக்குச் சற்று முன்னால் அந்த அழைப்பு வந்தது.

ஒரு பெண் பிள்ளை. மலாயில்தான் ஆரம்பித்தாள். பெயர் தர்ஷினி என்றதும் நான் தமிழுக்கு மாறினேன். கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் இருக்கும் கெப்பாலா பத்தாசில் வீட்டிலிருந்து பேசினாள். கணக்கு பூட்டிக்கொண்டுவிட்டது. இரண்டு மணிக்கு இணையத்தில் மறுதேர்வு. தாமதமாக வருபவர்களுக்குக் கொஞ்ச நேரம் வாசல் திறந்திருக்கும். அதற்குப் பிறகு அடைத்துவிடும். இந்தத் தாளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் வருடத்தையே மறுபடி படிக்கவேண்டும்.

"இங்க வர முடியுமாம்மா?"

"பஸ் புடிச்சு அங்க வர்றதுக்குள்ள பரீட்சை முடிஞ்சிரும் மிஸ். வந்தாலும் நா எங்க உக்காந்து எழுதுவேன்? லேப்டாப் பக்கத்து வீட்டு ஆண்ட்டி மகனோடது. தூக்கிட்டு வர முடியாது."

என் திரையில் அவள் கணக்கைத் திறந்து பார்த்தேன். காலையில் யாரோ கெப்பாலா பத்தாசிலிருந்து நுழையப் பார்த்திருக்கிறார்கள். இங்கே தீவில், பாயான் லெப்பாசில் இருந்த போன் 'நான் இல்லை' என்று மறுத்திருக்கிறது. மறுபடி முயன்றிருக்கிறார்கள். மறுபடியும் மறுப்பு. மூன்றாவது முறையும் அப்படியே. திரை சொன்னபடி பார்த்தால் கணக்கின் சொந்தக்காரர் தீவில் இருக்கிறார். என்னோடு அழுதுகொண்டிருப்பவள் திருடி.

"உங்க போன் இப்ப எங்கம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு மௌனம்.

"என்கிட்ட போன் இல்ல மிஸ்," என்றாள் பிறகு, குரலைத் தாழ்த்தி. "உடைஞ்சிருச்சு. அம்மா போன்லதான் பதிவு பண்ணேன். அம்மா வேலைக்குப் போயிருக்காங்க."

"இப்ப எதுல பேசுறீங்க?"

"ஆண்ட்டி போன்."

அந்த மௌனத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். விமான நிலையத்துக்காரனிடம் கதை தயாராக இருந்தது. நாம் கேட்பதற்கு முன்னால் பதில் வந்தது. இந்தப் பிள்ளைக்கு 'போன் இல்லை' என்ற ஒரு வார்த்தை வாயில் வர அவ்வளவு நேரம் ஆயிற்று. அது யோசித்த நேரமில்லை, கூசிய நேரம். கூசுவது எப்படி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: மௌனம் ஆதாரமாகாது. நன்றாக நடிப்பவர்கள் மௌனத்தையும் நடிப்பார்கள். அது எனக்குக் கணக்கைத் திறக்கும் உரிமையைத் தரவில்லை. இன்னொரு அழைப்பு செய்து பார்க்கும் காரணத்தை மட்டும் தந்தது.

"ஆண்ட்டி போன கையிலயே வச்சிருங்க. நா கூப்புடுறேன்," என்று வைத்தேன். பிறகு பதிவில் இருந்த எண்ணை அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை.

அம்மா பாயான் லெப்பாசில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை செய்கிறார் என்று அவள் சொல்லியிருந்தாள். எங்கள் தெருவிலேயே அங்கே வேலை செய்பவர்கள் உண்டு. உள்ளே போனுக்கு அனுமதியில்லை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பை மாட்டும் முன்பு போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ரெஹாட் விடும் இடைவேளையில்தான் எடுத்துப் பார்க்க முடியும். காலை டீ நேரத்தில் அந்த அம்மா போனை எடுத்திருக்கிறார். கேள்வி வந்திருக்கிறது. நான் இல்லையே என்று நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார். அப்படித்தான் இருக்கவேண்டும் என்று தோன்றியது. தோன்றியதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சாப்பாட்டு நேரம் வரும்வரை மற்ற அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, இடையிடையே அந்த எண்ணை முயன்றேன்.

ஒரு தடவை எடுக்கப்பட்டது. பின்னால் தட்டுகளின் சத்தம், நிறையப் பெண்களின் பேச்சு.

"வணக்கம்மா. தர்ஷினியோட அம்மாங்களா? யுனிவர்சிட்டி கம்ப்யூட்டர் சென்டர்லேர்ந்து பேசுறேன்."

"யாரு?"

"கம்ப்யூட்டர் சென்டர். தர்ஷினி கணக்கு..."

"ஓ, நீங்கதானா? காலையிலயே மூணு தடவ இல்லன்னு போட்டேன். பத்தலியா? இப்ப நேராவே கூப்புடுறீங்களா?"

"இல்லம்மா, நா அவங்க இல்ல..."

"மக பேரு வேற தெரியுது. எங்கேர்ந்து எடுத்தீங்க? எங்க லைன்ல ஒருத்தி, பேங்க்லேர்ந்து பேசுறேன்னான்னு நம்பர சொல்லி, இருந்ததெல்லாம் போச்சு. அவன் மலாய்ல பேசுனான். இப்ப தமிழ்ல பேசவே ஆள் வச்சிருக்கீங்களா? குரலு நல்லாத்தான் இருக்கு. இந்தக் குரலுக்கு வேற நல்ல வேலை கெடைக்கலியா லா?"

வைத்துவிட்டார்.

பக்கத்து மேசைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாக்கா, மேனேஜர் ஏசுனாங்களா?" என்றார். "இல்ல, என்னைய ஸ்கேமர்ன்னு சொல்லிட்டாங்க," என்றேன். அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. காதெல்லாம் சூடாகவும் இருந்தது. எத்தனையோ பேரிடம் 'நீங்கள்தான் என்று எப்படி நம்புவது' என்று தினமும் கேட்டவள் நான். அன்றைக்குத்தான் அந்தக் கேள்விக்கு எதிர்ப்பக்கம் நின்றேன். நான் நான்தான் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமே இல்லை. என் பெயரைச் சொல்லலாம்; அவருக்கு அது யாரோ. பணியாளர் எண்ணைச் சொல்லலாம். அதையும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அந்த அம்மா செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அவரை நம்ப வைக்கப் பேசிப் பேசிப் பார்த்தால், நான் இன்னும் அதிகமாக மோசடிக்காரியைப் போலத்தான் ஒலிப்பேன்.

மறுபடி அழைத்தேன். எடுத்ததும் அவர் திட்டுவதற்கு முன்னால் வேகமாகச் சொன்னேன்.

"என்னைய நம்ப வேணாம்மா. எந்த நம்பரும் சொல்ல வேணாம், எதையும் அமுக்க வேணாம். பக்கத்து வீட்டு ஆண்ட்டிக்கு நீங்களே போன் போடுங்க. உங்ககிட்ட இருக்குற நம்பருக்குப் போடுங்க. தர்ஷினி அங்கதான் நிக்கிது. அதுகிட்ட கேட்டுக்கிங்க. அவ்வளவுதான். நா வச்சிடுறேன்."

நானே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சாதீர்கள். சரிபார்க்க ஒரு வழியைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நில்லுங்கள். இந்த வேலையில் நான் படித்ததில் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன்.

சிறிது நேரத்தில், தர்ஷினி கூப்பிட்டிருந்த உதவி மேசையின் பொது எண்ணுக்கு, பதிவில் இருந்த அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"ஹலோ... அக்கா, நா இப்ப திட்டுனவ பேசுறேன்."

"சொல்லுங்கம்மா."

"பிள்ள அழுவுது." அவருக்கும் மூச்சு சரியாக வரவில்லை. "போன்ல கேக்குது, நீங்கதானா நீங்கதானான்னு. நா இல்லியே, அதான் இல்லன்னேன். ஸ்கேமர்ன்னு நெனச்சு, பிள்ளையோட பாடத்த காப்பாத்துறேன்னு நெனச்சு... நானே கதவ சாத்திட்டேனாக்கா?"

"இல்லம்மா. தெரியாத கேள்விக்கு ஆமான்னு போடாதது நல்லது. எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எங்களுக்குப் பாதி வேல கொறையும். கேள்வி உங்ககிட்ட வரும்னு பதிவு பண்ணப்பவே உங்களுக்குச் சொல்லியிருக்கணும். யாரும் சொல்லல."

"இப்ப என்னா செய்யிறது?"

"நா எங்க பொஸ்ஸ கேக்கணும். நீங்க லைன்லயே இருங்க."

எங்கள் தலைவி சல்மா; மலாய் மரியாதைப்படி புவான் சல்மா என்போம். கண்டிப்பானவர். நான் அவர் அறைக்குள் நானாகப் போனது அதற்கு முன்னால் எப்போது என்று நினைவில்லை. கதவைத் தட்டிவிட்டு, சொல்ல வந்ததை மலாயில் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அவர் கேட்டுவிட்டு, "விதி நேரில் வரச் சொல்கிறது," என்றார்.

"ஆமாம், புவான்."

"ஏன் அந்த விதி வைத்தோம்?"

என்னைச் சோதிக்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை. அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார். "முகத்தையும் ஐசியையும் நம் கண்ணால் பார்க்க," என்று தானே பதிலும் சொன்னார். "அந்தப் பக்கத்து வீட்டு போனில் வீடியோ வருமா? வந்தால் நான் பார்க்கிறேன். நீங்கள் இல்லை, நான். தப்பு நடந்தால் என் பெயர் இருக்கட்டும்."

இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விதியை மீறத் துணிந்தவர் என்று அவரை நான் சொல்லவில்லை. விதி எதைக் காப்பாற்ற வந்ததோ அதை விடாமல் பிடித்துக்கொண்டு, அதற்கு இன்னொரு பாதை கண்டுபிடித்தார்.

ஆண்ட்டியின் போனில் வீடியோ வந்தது. அந்த ஆண்ட்டி, ஒரு சீன அம்மா, போனைப் பிடித்துக்கொண்டு இங்கும் அங்கும் திருப்பினார். முதலில் கூரை விசிறி தெரிந்தது, பிறகு ஒரு நாள்காட்டி, பிறகு அழுது வீங்கிய ஒரு முகம். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, நேரில் தேர்வு எழுதப் போவதுபோல வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். ஐசியைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தாள். புவான் சல்மா அவசரப்படவில்லை. முகத்தைத் திருப்பச் சொன்னார், ஐசியைச் சாய்க்கச் சொன்னார், எங்கள் பதிவில் இருந்த படத்தோடு ஒப்பிட்டார். மறுப்பு ஏன் வந்தது என்று பதிவான எண்ணிலிருந்து அம்மாவே சொல்லியிருந்தார். இரண்டு பக்கமும் பொருந்தின. பூட்டை எடுத்தார்.

ஆனால் அதோடு முடியவில்லை. தேர்வுப் பக்கம் இரண்டு மணிக்குத்தான் திறக்கும். திறக்கும்போது மறுபடி கேள்வி கேட்கும். பதிவை வேறொருவரின் போனுக்கு மாற்ற புவான் சம்மதிக்கவில்லை. அது சரிதான். கேள்வி அம்மாவின் போனுக்குத்தான் வரும். அம்மாவின் சாப்பாட்டு நேரமோ இரண்டு மணிக்கு முன்பே முடிந்துவிடும்.

"அம்மா, ரெண்டு மணிக்குப் போன் உங்க கையில இருந்தாத்தான் ஆகும். இருக்க முடியுமா?"

அவர் யாரிடமோ பேசுவது கேட்டது. மலாயில் ஒரு பெண்ணின் குரல், சின்னதாக ஒரு சிரிப்பு. பிறகு திரும்பி வந்தார்.

"லைன் லீடர்கிட்ட சொன்னேன். அவங்களுக்கும் படிக்கிற பையன் இருக்கான். என் மெஷின்ல அவங்களே நிக்கிறேன்றாங்க. ஆனா சீக்கிரம் வரணுமாம். மேல யாராச்சும் வந்து பாத்துட்டா அவங்களுக்கும் வம்பு."

அவர் லாக்கர் அறையிலேயே நின்றார். நான் தொலைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புவான் சல்மா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அந்த அம்மா ஒரு தடவை, "சீக்கிரம் வா, சீக்கிரம் வா," என்று போனிடமே சொன்னார்.

இரண்டு மணிக்குச் சற்றுப் பின்.

"வந்திருச்சுக்கா! கேக்குது. நீங்கதானான்னு கேக்குது."

"ஆமான்னு போடுங்க."

"நா இல்லியேக்கா, அவதானே? பொய் சொன்ன மாதிரி ஆவாதே? மறுபடி பூட்டிக்காதே?"

நான் திரும்பிப் பார்த்தேன். புவானுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் என்ன கேட்கிறார் என்று புரிந்துவிட்டது. மெல்லத் தலையாட்டினார்.

"அது தர்ஷினிதாம்மா. போடுங்க."

என் திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சிவப்பு, பச்சையாக மாறியது. உள்ளே போய்விட்டாள். தேர்வில் அவள் என்ன எழுதினாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நம் வேலை வாசலோடு முடிந்துவிடுகிறது.

"போயிட்டாளாக்கா? உள்ள போயிட்டாளா?"

உங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்திருப்பார்கள். மாணவரின் கணக்கில் என்ன நடக்கிறது என்பதை மாணவரைத் தவிர வேறு யாரிடமும் சொல்லக் கூடாது, பெற்றோரிடமும் கூடாது. நல்ல விதி அது. அதனால் தப்பித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதை அன்றைக்கு நான் மீறவில்லை, மீற விரும்பவும் இல்லை. ஆனால் வெள்ளை உடுப்பை இன்னும் மாட்டாமல் லாக்கர் அறையில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் இடத்தில் வேறொருவர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா," என்றேன். "இன்னிக்கு இனிமே உங்களுக்குக் கேள்வி வராது. போன லாக்கர்ல வச்சிட்டு நிம்மதியா வேலைக்குப் போங்க."

அவருக்குப் புரிந்தது; மூக்கை உறிஞ்சினார்.

"சரிக்கா. சரி. நா ஓடுறேன், அங்க நிக்கிறாங்க."

இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டார். போனை எதன் மேலோ வைக்கும் சத்தமும், இரும்புக் கதவு சாத்தும் சத்தமும், சாவி திரும்பும் சத்தமும் கேட்டன. தூரத்தில் காலடிகள் ஓடின. அதற்குப் பிறகு இருட்டான ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கும் அமைதி மட்டும் என் காதில் இருந்தது. என் தொலைபேசியில் மற்ற இணைப்புகளின் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன, அடுத்தவர்கள் காத்திருந்தார்கள். இருந்தாலும் உடனே வைக்க எனக்குக் கை வரவில்லை. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.